ஆலை மாடிப் பலகை

ஆற்றங்கரையில் ஒரு பழைய சாய ஆலை இருந்தது. நூலுக்குச் சாயம் ஏற்றிய அதன் உயரமான கூடங்களை வீடுகளாக மாற்றினார் நாச்சிமுத்து. அரசுப் பொறியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பழைய கட்டடங்களுக்கு மறுவாழ்வு தரும் வித்தையை ஜெசிந்தாவிடம் கற்றவர் அவர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அவர் "டீச்சர்" என்பார். ஜெசிந்தா "சார்" என்பார்.

வீடுகள் அழகாக அமைந்தன. பூசாத செங்கல் சுவர், இரும்புத் தூண், தலைக்கு மேல் இன்னொரு பாதித் தளம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மொட்டை மாடிக்குத் தனிப் படி. ஞாயிறுதோறும் வீடு பார்க்கக் கூட்டம் வந்தது. படம் எடுத்தது. பாராட்டியது. போய்விட்டது.

"விளம்பரத்துல லாஃப்ட் வீடுன்னு போட்டிருக்கீங்க. எங்க வீட்டு லாஃப்டுல பழைய அண்டாதான் கிடக்குது" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆலையின் உரிமையாளர் அர்த்தநாரி சிரிக்கவில்லை.

"ஏனுங்க இன்ஜினியர், தை பொறக்கறதுக்குள்ள ஒரு குடும்பமாவது வரோணும். இல்லாட்டி இடிச்சுப்போட்டு குடோன் கட்டிக்கறேன்."

நாச்சிமுத்து ஜெசிந்தாவை வரவழைத்தார்.

"எதையும் சிதைக்கலைங்க டீச்சர். எல்லாருக்கும் புடிக்குது. யாரும் குடிவர மாட்டேங்கறாங்க. எங்கே தப்புப் பண்ணுனேன்?"

"ஒரு வீட்டுச் சாவி கொடுங்க சார்."

அன்றிரவு ஜெசிந்தா அங்கேயே தங்கினார். மறுநாள் ஞாயிறு. காலையில் ஈரத் துணி வாளியும் கயிறுமாக மாடிக்கு ஏறினார். நாச்சிமுத்து பின்னாலேயே விரைந்தார்.

மாடியின் இரு பக்கமும் இரும்புக் கால்கள் நின்றன. அவற்றின் உச்சியில் கொக்கிகள். துரு நீக்கி, எண்ணெய் பூசி, பளபளவென்று வைத்திருந்தார் நாச்சிமுத்து. நடுவே நீளமான கம்பு ஒன்றில் பலகை தொங்கியது: "இந்தக் கொக்கிகளில்தான் சாய நூல் காய்ந்தது. தொடாதீர்."

ஜெசிந்தா அதை முழுவதும் படித்தார். பிறகு ஒரு கொக்கியில் கயிற்றை மாட்டினார்.

"டீச்சர், அது நூறு வருசத்துக் கொக்கி."

"தாங்கும்ல?"

"தாங்கும். ஆனா..."

"அப்ப அந்த முனையைப் பிடிங்க சார்."

அவர் பிடித்தார். ஒரு போர்வை, ஒரு சேலை, துண்டுகள் எல்லாம் கயிற்றில் ஏறின. கீழே கார்கள் வந்து நின்றன.

"ஆளுக வர்றாங்க. எடுத்துரலாங்களா?"

"இன்னும் காயல."

முதலில் மேலே வந்தது ஒரு தம்பதி. கணவர் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினார். மனைவி அவர் கையைத் தாழ்த்தினாள்.

"இருங்க. ஒருத்தங்க குடியிருக்கிற இடம்."

அவள் போர்வையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இங்க வெயில் எந்நேரம் வரைக்கும் நிக்கும்?"

"சாயந்தரம் வரைக்கும்" என்றார் ஜெசிந்தா.

"போர்வை ஒரே நாள்ல காஞ்சிருமா?"

"மத்தியானமே காஞ்சிடும்."

"வடகம் போட்டா காக்கா வருமா?"

"அது உங்க சாமர்த்தியம்."

அவள் சிரித்துவிட்டாள். கணவரிடம் திரும்பினாள்.

"கீழே போய் வாஷிங் மெஷினை எங்க வைக்கலாம்னு பாருங்க."

கணவர் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். இதுவரை வந்தவர்களில் ஒருவர்கூட வெயிலைப் பற்றிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு உறைத்தது.

தை பிறந்தபோது எல்லா வீடுகளிலும் பால் பொங்கியது. மாடியில் கொக்கிக்குக் கொக்கி கயிறு ஓடியது. மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாகத் துணிகள் காற்றில் படபடத்தன.

"பாலத்து மேல பஸ் வரும்போதே தெரியுதுங்க, நம்ம ஆலை" என்றார் அர்த்தநாரி. குடோன் பேச்சை அவர் அதன்பின் எடுக்கவில்லை.

துணிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து, நாச்சிமுத்து பலகையின் முன் நின்றார்.

"இதை என்ன பண்ணட்டுங்க டீச்சர்?"

ஜெசிந்தா சுற்றிலும் பார்த்தார். ஈரப் போர்வைகளின் கனத்தில் ஒரு கயிறு தாழ்ந்து தரையைத் தொடப் பார்த்தது.

"பலகையைக் கழற்றிட்டு அந்தக் கம்பைக் கொடுங்க சார். கயிறு தொய்யுது, முட்டுக் கொடுக்கணும்."