கேளாமல் போன பன்னிரண்டு மூட்டை

கோவில்பட்டிப் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடங்களில் இந்த வழக்கு இன்னும் பேசப்படுகிறது. கொத்தனார்கள் சொன்னால் மூட்டை பன்னிரண்டு. வீட்டுக்காரர்கள் சொன்னால் இருபதாகிவிடும். இங்கே கொத்தனார் கணக்கையே கொள்வோம். எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் தீர்ப்பு மாறாது.

காண்டிராக்டர் கண்ணாயிரத்திடம் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வந்தவள் செண்பகவல்லி. இது நடந்த ஆண்டு அவர் கையில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று கடலைமிட்டாய் வியாபாரி வேலாயுதத்தினுடையது. அங்கே பொருள், கூலி இரண்டும் கண்ணாயிரத்தின் பொறுப்பு. மற்றது ஓய்வுபெற்ற நர்ஸ் ஜெபமணியினுடையது. அங்கே கூலி மட்டும்தான் அவருக்கு. சிமெண்ட்டை ஜெபமணியே வாங்கி ஓர் அறையில் அடுக்கிப் பூட்டி வைத்திருந்தார். முதலில் அமர்த்திய ஆள் அவருடைய சிமெண்ட்டைக் கொண்டு வேறொருவர் வீட்டுச் சுவரைப் பூசி முடித்துவிட்டுப் போயிருந்தான்.

சாவியைச் செண்பகவல்லியிடம் கொடுத்தபோதே ஜெபமணி சொல்லிவிட்டார்.

"எங்கிட்டக் கேக்காம ஒரு மூட்ட வெளிய போகக் கூடாது, பாத்துக்க. வந்தது, போனது ரெண்டும் நோட்டுல ஏறணும். உன்ன நம்பித்தான் உங்க அண்ணாச்சிக்கு வேலையே குடுக்கேன்."

"சரி சிஸ்டர். எங்கையால தப்பு நடக்காது" என்றாள் செண்பகவல்லி.

கண்ணாயிரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. மேல்தளம் போடும் நாளில் வேண்டிய சிமெண்ட் முழுவதையும் காலையிலேயே இறக்கமாட்டார். கடைசிப் பத்துப் பன்னிரண்டு மூட்டையை மதியத்துக்கு மேல் கடையில் சொல்லி எடுத்துக்கொள்வார். மூட்டை மிஞ்சினால் பணம் முடங்கிப்போகும் என்பது அவர் வாதம். இருபது ஆண்டுகளில் அது ஒருமுறையும் அவர் காலை வாரியதில்லை.

வேலாயுதம் வீட்டு மேல்தளம் போட்ட அன்று வாரியது. வணிகர் சங்கத் தலைவர் இறந்துவிட, பகல் ஒரு மணிக்கு ஊரில் கடைகள் எல்லாம் அடைக்கப்பட்டன. மூன்று மணிக்கு மூட்டை தீர்ந்தது. தளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் முடிந்திருந்தது. பாதியில் நின்ற காங்கிரீட்டை மறுநாள் தொடர்ந்தால் சேரும் இடத்தில் மழைதோறும் ஒழுகும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணாச்சி, மிஷின் சும்மா சுத்துது. சிமெண்ட் இல்லன்னா நீங்களாவது உள்ள எறங்குங்க!" என்று மேலேயிருந்து கொத்தனார் கத்தினார்.

கண்ணாயிரம் செண்பகவல்லியிடம் வந்தார். "சாவியக் குடு தாயி. பன்னெண்டே மூட்ட. நாளைக்குப் பொழுது ஏறதுக்குள்ள திருப்பி வச்சிருதேன்."

அவள் ஜெபமணிக்கு நான்குமுறை போன் செய்தாள். அம்மையார் மதுரையில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தார், போன் அணைந்திருந்தது. மேலே கலவை இறுகத் தொடங்கியது. செண்பகவல்லி சாவியைக் கொடுத்தாள்.

கண்ணாயிரம் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அதே கம்பெனி மூட்டைகள் பன்னிரண்டும் அறைக்குள் வந்துவிட்டன. எடுத்தவற்றைவிடப் புதியவை. செண்பகவல்லி நோட்டைத் திறந்தாள்.

"என்னத்த எழுதப் போற? எடுத்தது பன்னெண்டு, வச்சது பன்னெண்டு. என்ன கொறஞ்சு போச்சு?"

"கேட்டு எடுக்கலயே, அண்ணாச்சி."

"அப்பிடியா? போன மாசம் சிஸ்டர் வீட்டுச் சன்ஷேடுக்கு லோடு வரலன்னு வேலாயுதம் வீட்டுலருந்து எட்டு மூட்ட கொண்டாந்தோமே. லோடு வந்ததும் எட்டையும் அங்க திருப்புனோம். அத எழுதுனியா? அப்ப மட்டும் கையில மை இல்லயோ?"

கணக்கு நேராகிவிட்டதே என்று அந்த எட்டை அவள் விட்டிருந்தாள்.

"இத சிஸ்டர் வாசிச்சா வேல போயிரும், தாயி. பதினெட்டு ஆளு சோறு திங்குதோம். நீயுந்தான்."

செண்பகவல்லி எழுதினாள்: போனது பன்னிரண்டு, வந்தது பன்னிரண்டு, கேட்கவில்லை.

நான்காம் நாள் ஜெபமணி கறுப்புக் கண்ணாடியோடு வந்து நோட்டை வாசித்தார். அறைக்குள் சென்று மூட்டைகளை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது.

"மூட்ட கொறையல. சாவியக் குடு" என்றார். அதுவரை ஆன கூலியை ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் தீர்த்துவிட்டு, மீதி வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்.

எடுத்ததைத் திருப்பி வைத்த கண்ணாயிரம், சாவியைக் கொடுத்துவிட்டு அதை எழுதியும் வைத்த செண்பகவல்லி, குறைவில்லை என்று கண்டும் வேலையைப் பறித்த ஜெபமணி. கேட்பவர்களே, இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஜெபமணி செய்ததே சரி. அவர் பூட்டி வைத்தது சிமெண்ட்டை மட்டுமல்ல, தம்மைக் கேட்கவேண்டும் என்பதையும்தான். கண்ணாயிரம் மூட்டையைத் திருப்பினார். கேளாமல் எடுத்ததை எதைக்கொண்டு திருப்புவது? நெருக்கடியும் கடை அடைத்ததால் மட்டும் வந்ததன்று, அவருடைய பழக்கத்தால் வந்தது. செண்பகவல்லி அந்த வரியை எழுதியது சரி. சாவியைக் கொடுத்ததோடு, எட்டு மூட்டை வந்து போனதற்கு அப்போதே ஒரு வரி எழுதாததும் அவள் பிழை. வந்ததும் போனதும் ஏறவேண்டும் என்பதற்கு அவள் தலையாட்டியிருந்தாள். அவ்வரியையும் வாசித்திருந்தால் ஜெபமணி என்ன செய்திருப்பார் என்று சிலர் கேட்பதுண்டு. சாவியை அப்போதும் கேட்டிருப்பார். வாங்கிக்கொண்டு, நான்கு வீடு தள்ளிப் போய், அவரைக் கேளாமல் தம் வீட்டுக்கு வந்த எட்டு மூட்டையைச் சொல்ல வேலாயுதத்தின் கதவைத் தட்டியிருப்பார்.