சாம்பி வளைக்குள் சுவர் வைத்த கதை

எலியும் எறும்பும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், அடைமழை பிடித்த ஒரு நாள், வரப்புக்கு அடியில் இருந்த வளைக்குள் ஒன்பது பேர் இருந்தார்கள். வயல் எலி சாம்பி. அவளுடைய குட்டிகள் நான்கு. சுண்டெலி அக்கா தங்கை இருவர். கட்டெறும்பு மூப்பன். வளைக்குப் பெரியவரான பெருச்சாளி. மூப்பனின் ஆட்களை எண்ணி மாளாது. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து மூப்பன் ஒருவர்தான் கணக்கு.

அந்த வளையில் குழி ஒன்றுதான். யார் எதைக் கொண்டுவந்தாலும் அதில்தான் கொட்ட வேண்டும். பெருச்சாளி போட்ட சட்டம் அது. சாம்பி நெல் கொண்டுவந்தாள். சுண்டெலிகள் எள் கொண்டுவந்தார்கள். எறும்புகள் ஊமத்தை விதை இழுத்துவந்தன. அதில் ஒட்டியிருக்கும் சதை அவற்றுக்கு உணவு; விதையோ மற்றவர்களுக்கு நஞ்சு. மூன்றுக்கும் அங்கே விதை என்று ஒரே பெயர்தான்.

அன்று சாம்பி மூத்த குட்டியிடம், "போய் விதை எடுத்துட்டு வாடி" என்றாள். குட்டி இருட்டில் அகப்பட்டதை வாரி வந்தது. கடைக்குட்டிதான் முதலில் தின்றது. கொஞ்ச நேரத்தில் அதன் கண்மணி அகல விரிந்தது. தாயை அடையாளம் தெரியாமல் சுவரோடு பேசியது. சாம்பி மற்ற குட்டிகளின் வாயிலிருந்ததைத் தட்டிவிட்டாள்.

கடைக்குட்டியை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு பகல், இரண்டு இரவு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அது "அம்மா" என்றது. அவள் எழுந்து நேரே குழிக்குப் போனாள். ஈரக் களிமண்ணை வாயால் உருட்டிச் சுவர் வைக்க ஆரம்பித்தாள்.

"ஏ சாம்பி, என்ன பண்றே?" என்று பெருச்சாளி உறுமினார்.

"அறை பிரிக்கிறேன் பெரியப்பா. ஆளுக்கு ஒண்ணு."

"ஒண்ணா இருக்கிறதைக் கெடுக்கப் பார்க்கிறியா?"

"வளை ஒண்ணுதான், வாசலும் ஒண்ணுதான். உள்ளே மட்டும் தடுப்பு. வெறும் விதைன்னா அவங்கவங்க அறை விதை. அடுத்தவங்களது வேணும்னா எறும்பறை விதை, சுண்டெலியறை விதைன்னு அறைப் பேரை முன்னால சொல்லணும். அறைக்காரங்க சரின்னா எடுத்துக்கலாம்."

"நான் போய்க் கேட்கணுமா?"

"நீங்களும்தான்."

"அப்போ பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வெளியே போ."

வெளியே வயல் முழுக்க வெள்ளம். குட்டிகளுக்கு நீந்தத் தெரியாது. சாம்பி அதை யோசிக்காமல் இல்லை.

"போக மாட்டேன். இந்த வளையில பாதி என் பல்லு தோண்டினது."

பெருச்சாளி சுவரை மிதித்து உடைத்தார். அவள் மறுபடி வைத்தாள். அவர் மூன்று முறை உடைத்தார். அவள் நான்கு முறை கட்டினாள். நான்காவது சுவரில் மண்ணோடு அவள் வாய் ரத்தமும் சேர்ந்திருந்தது. அவர் காலைத் தூக்கியபோது மூப்பன் தன் ஆட்களோடு சுவர்மேல் ஏறி நின்றார்.

"எங்க விதை தின்னுதான் அந்தப் பிள்ளை விழுந்துச்சு. இப்ப மிதிச்சுப் பாருங்க" என்றார்.

கட்டெறும்புக் கடி எப்படி என்று பெருச்சாளிக்குத் தெரியும். தூக்கிய கால் மெல்லக் கீழே இறங்கியது.

பிறகு எல்லோரும் உட்கார்ந்து குவியலைப் பிரித்தார்கள். நெல் ஒரு அறைக்கு, எள் ஒரு அறைக்கு, ஊமத்தை ஒரு அறைக்கு. சாம்பி நான்காவதாகவும் ஓர் அறை வைத்திருந்தாள்.

"இது உங்களுக்கு பெரியப்பா. இதுல உங்க விதை எது?"

பெருச்சாளி குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது குறைந்துகொண்டே வந்தது.

"பெரியப்பா ஒருநாளும் கொண்டுவந்து பார்த்ததில்லையே அக்கா" என்றாள் சின்னச் சுண்டெலி.

"திங்கப் பார்த்திருக்கோம்ல" என்றாள் பெரியவள்.

கடைசியில், மூன்றிலும் சேராத, யாருடையவை என்று யாராலும் சொல்ல முடியாத சில விதைகள் மிஞ்சின.

"அதெல்லாம் என்னோடது" என்றார் பெருச்சாளி.

"சரி. என்ன விதை? எந்த வயல்ல எடுத்தீங்க?" என்றாள் சாம்பி.

பெருச்சாளி எழுந்தார். மழையையும் பார்க்காமல் வளையை விட்டு வெளியேறி, வீடுகள் இருக்கும் பக்கம் நீந்திப் போனார்.

அன்று தொடங்கியதுதான், வயல் எலி தன் வளைக்குள் அறை அறையாகப் பிரித்துத் தானியம் சேர்ப்பது. வளை வாசலில் கொஞ்சம் விதை சிதறிக் கிடப்பதும் அன்று தொடங்கியதே. உடையவர் தெரியாதது எந்த அறையிலும் இருக்கக் கூடாது என்று சாம்பி அவற்றை எண்ணி வாசலில் போட்டாள். மொத்தம் நாற்பத்து மூன்று.