ஆட்காட்டி வாயை மூடிய ஒரு நாள்

அந்தக் காலத்தில், மாடும் பறவையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, ஆட்காட்டிப் பறவை வாயைத் திறப்பதே அபூர்வம். இன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இப்போது அது இருக்கும் ஏரிப் பக்கம் நிம்மதியாக நடக்க முடிகிறதா? செருப்புச் சத்தம் கேட்டதுமே ஊரைக் கூட்டிவிடுகிறது.

அப்போதும் ஒருத்தி மட்டும் கத்துவாள். அவள் பெயர் சிவப்பி. வெட்டவெளியில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டுவிட்டு, ஆடு வந்தால் கத்துவாள், சருகு பறந்தால் கத்துவாள், மேகத்தின் நிழல் விழுந்தாலும் கத்துவாள். அவள் மகள் வெள்ளைச்சி குஞ்சாக இருந்தபோது, அந்தக் குரல் கேட்டதும் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்வாள். அம்மாவுக்குத் தெரியாத ஆபத்தே உலகத்தில் இல்லை என்று நினைத்தாள்.

இறக்கை முளைத்ததும் எல்லாம் மாறிப்போயிற்று.

"அம்மா, அது வெறும் சருகு."

"இருக்கட்டுமே. சருகுக்குப் பின்னால கீரி இருந்தா?"

"கொக்குங்க எல்லாம் நம்மளயே பாக்குது. எனக்கு மானம் போகுது."

அம்மா கத்தத் தொடங்கினால் வெள்ளைச்சி நாலடி தள்ளிப்போய், யாரோ எவளோ என்பதுபோல் வேறு பக்கம் பார்ப்பாள். இந்த அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது என்ற முடிவுக்கு வந்துவிட்டாள்.

பிறகு வெள்ளைச்சியும் முட்டையிட்டாள். காவலுக்கு வந்து நின்ற தாயிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "என் முட்டைய எனக்குப் பாத்துக்கத் தெரியும். நீ வாயத் திறக்கறதா இருந்தா அக்கரைக்குப் போயிடு."

முட்டைகளை விட்டுப் போக சிவப்பிக்கு மனமில்லை. அலகை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். பாவம், அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம்.

மத்தியான வெயிலில் முட்டைகள் சூடேறாமலிருக்க, வயிற்றை நனைத்துக்கொண்டு வரலாமென்று வெள்ளைச்சி தண்ணீருக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து ஓர் எருமை நேராக முட்டைகளை நோக்கி வந்தது. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட சிவப்பி கத்தவில்லை. ஓடிப்போய் மகளின் வாலைக் கவ்வி இழுத்தாள்.

"ஆரம்பிச்சுட்டியா?" என்று வெள்ளைச்சி வாலை உதறிக்கொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நொறுக்கென்று ஒரு சத்தம். ஒரு முட்டை போயிற்று. எருமை அடுத்த குளம்பைத் தூக்கியபோதுதான் வெள்ளைச்சி பார்த்தாள். கத்தினாள். அச்சு அசலாக அவள் அம்மாவின் குரல்.

எருமை திடுக்கிட்டு ஒதுங்கியது. "கல்லுன்னு நெனச்சேன். இத மொதல்லயே கத்தியிருந்தா என்ன? எனக்கு உங்க மேல பகையா?" என்று அலுத்துக்கொண்டே போயிற்று.

உடைந்த ஓட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு வெள்ளைச்சி தாயைப் பார்த்து அழுதாள். "பாத்துக்கிட்டுதானே இருந்த? கத்தியிருக்கக் கூடாதா?"

"கத்துனா மானம் போகுதுங்கற. கத்தலன்னா பிள்ளை போகுது. நான் என்னதாண்டி பண்றது?" என்றாள் சிவப்பி. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

வெள்ளைச்சி மிச்சமிருந்த முட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தாள். அப்போது ஒரு சருகு பறந்து வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

அன்று முதல்தான் அந்த வம்சமே எதைக் கண்டாலும் கத்துகிறது. அப்படிக் கத்தும் ஓர் ஆட்காட்டியைப் பார்த்தால், நாலடி தள்ளியும் பாருங்கள். யாரோ எவளோ என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொன்று நிற்கும். அது இன்னும் முட்டையிடவில்லை.