மாமா கடையில் மருதையன் லோரம் இப்சம் விற்ற கதை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு இன்ஜினியரிங் காலேஜ் இருந்ததாம் என்று ஆரம்பித்தால் பெரம்பலூர்ப் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். அதனால், இருக்கிற பல காலேஜ்களில் ஒன்றில் மருதையன் என்று ஒருவன் இருந்தான். மூன்றாம் வருஷம். வாயைத் திறந்தால் உண்மை பயந்துபோய் பின் பெஞ்சுக்குப் போய்விடும்.

அன்று மதியம் கேன்டீனில் அவனுக்கு எதிரே நஸ்ரின் அக்கா உட்கார்ந்திருந்தாள். கடைசி வருஷம். திருச்சியில் வெப்சைட் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் மூன்று மாசப் பயிற்சி முடித்து வந்தவள். "உங்க காலேஜ்ல இருந்து பயிற்சிக்கு இன்னும் ஒரே ஒரு ஆள் அனுப்புங்க" என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். இரண்டு மணிக்குள் அவள் ஒரு பேரை அனுப்ப வேண்டும். அந்தப் பேர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று மருதையனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நெஞ்சு அடித்தால் அவனுக்கு வாய் நிற்காது.

"எங்க மாமா பிரியாணிக் கடைக்கு வெப்சைட் போட்டிருக்கேன்க்கா. நானும் ஏஐயும்தான். எவ்ளோ வேகம்ங்கிறீங்க? நான் கேள்வியை யோசிக்கிறதுக்குள்ள பதில் வந்து உக்காந்திருக்கும். அப்புறம்தான் என்ன கேக்கறதுன்னு யோசிப்பேன்."

"ஆரம்பிச்சுட்டான்" என்றான் பக்கத்தில் பப்ஸ் தின்றுகொண்டிருந்த பிலவேந்திரன். ஒரே வகுப்பு, ஒரே ஹாஸ்டல் அறை.

"நீ சும்மா இருடா. சைட்டும் அப்படித்தான்க்கா. தொடுறதுக்கு முன்னாடியே திறந்துடுது. ஒருநாள் ரொம்ப வேகமாகி முந்தின நாளே திறந்துருச்சு. கடைக்கு அன்னிக்கு லீவு வேற. அப்புறம் கோடுக்கு நடுவுல ரெண்டு ஸ்பீட் பிரேக்கர் போட்டேன்."

நஸ்ரின் டீயை ஊதினாள். "போன்ல சரியாத் தெரியுமா?"

"போனா? கல்யாண மண்டபத்து எல்இடி போர்டுல இருந்து மூக்குத்திக் கல்லு வரைக்கும் அடங்கும்க்கா. எங்க சித்தி மூக்குத்தியில மெனு தெரியுதுன்னு சித்தப்பா கிட்டப் போய்ப் பார்த்து, ரெண்டு சிக்கன் ஆர்டர் பண்ணிட்டாரு."

"ஏஐ ஒண்ணும் சொல்லலையா?" என்றான் பிலவேந்திரன்.

"அது இப்ப என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுது. போன வாரம் தலைவலின்னு லீவு கேட்டுச்சு. அரை நாள்தான் குடுத்தேன்."

நஸ்ரின் போனில் அந்த சைட்டைத் திறந்தாள். மெனுவைத் தள்ளிக்கொண்டே போன விரல் நின்றது.

"மருதையா, மட்டன் பிரியாணிக்குக் கீழ லோரம் இப்சம்னு ஒண்ணு இருக்கே?"

பிலவேந்திரனுக்கு பப்ஸ் புரையேறியது. வெப்சைட் பக்கம் தயாராகும்போது இடத்தை அடைக்க வைக்கிற அர்த்தமில்லாத எழுத்து அது. உண்மையான பேரைப் போட்டதும் எடுத்துவிட வேண்டும். மருதையன் மறந்திருந்தான். காது மடல் சூடானது. ஆனாலும் வாய் அவனைக் கைவிடவில்லை.

"அதுதான்க்கா அதிகமா விக்குது! முதல் நாளே நாப்பது ஆர்டர். மாமா மிரண்டுட்டாரு. ஏஐகிட்ட பக்குவம் கேட்டோம். லோரத்தை ராத்திரியே ஊற வெச்சு, இறக்கும்போது இப்சம் தூவச் சொல்லுச்சு. அரியலூர்ல இருந்தெல்லாம் தூக்குவாளியோட வந்தாங்க. ஒருத்தர் மட்டும், மாமியார் வைக்கிற லோரம் மாதிரி இல்லைன்னு கோவிச்சுக்கிட்டுப் போனாரு."

நஸ்ரினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஆர்டர் பட்டனை அழுத்தினாள். பிறகு நெட்டை அணைத்தாள், திரும்பப் போட்டாள், மறுபடி மறுபடி அழுத்தினாள். ஆர்டர் ஒன்றுதான் போனது.

"எத்தனை தடவை அழுத்தினாலும் ஒண்ணுதான் போகுது. இதை யார் எழுதினா?"

மருதையன் டம்ளரைப் பார்த்தான். "அது... நான்தான்க்கா."

"ஏஐ?"

"அது குடுத்தது சரியா வரலை. கடைப்பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும், ஆர்டர் போகலைன்னு திரும்பத் திரும்ப அழுத்துவாங்க. ஒரே ஆள் பேர்ல மூணு பார்சல் கட்டிட்டாரு மாமா. ஏஐ எழுதினதை வரி வரியாப் படிச்சேன். பாதி புரியலை. பதினோரு நாள் ஆச்சு. ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி நம்பர் வெச்சேன். அதே நம்பர் திரும்ப வந்தா எடுத்துக்காது. அவ்ளோதான்."

"இதை மட்டும் நம்பவே முடியலைடா" என்றான் பிலவேந்திரன்.

நஸ்ரின் நம்பினாள். ஏனென்றால் இந்த ஒன்றைச் சொல்லும்போதுதான் அவன் குரல் இறங்கியிருந்தது. போனில் எதையோ தட்டிவிட்டு எழுந்தாள்.

"உன் பேரை அனுப்பிட்டேன். திங்கட்கிழமை ஒம்போது மணிக்குப் போயிடு. அங்க கேட்டா இந்தப் பதினோரு நாளைச் சொல்லு. மூக்குத்தியைச் சொல்லாத." டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் வாசலைத் தாண்டும் வரை மருதையன் பொறுத்தான். அது அவனுக்கே அதிகம். பிறகு பிலவேந்திரன் பக்கம் திரும்பினான்.

"பேர் போறதுக்கு முன்னாடியே அங்க எனக்கு நாற்காலி போட்டுட்டாங்களாம் மாப்ள. நான் கால் வெச்சதும் கம்ப்யூட்டரெல்லாம் தானா எந்திரிச்சு..."

"மூணு மாசமாவது ரூம்ல நிம்மதியா இருக்கலாம்" என்று பையை மாட்டிக்கொண்டு பிலவேந்திரன் நடந்தான்.