மூடினால் எழாத மடிக்கணினி

"மூடினா செத்துடுது, டீச்சர்."

கால்நடை மருத்துவர் தணிகாசலம் தன் மடிக்கணினியை மேசைமேல் வைத்தார்.

தர்மபுரியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் ஞாயிறு காலையில் கூடும் அறை அது. அவர் டீச்சர் என்று அழைத்த நிலோஃபர், ஒரு பள்ளியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர். வயது முப்பத்தொன்று. தணிகாசலத்துக்கு ஐம்பத்தேழு.

"செத்துடுதுன்னா?"

"தூங்க வெச்சு, பையில போட்டுக்கிட்டு மலை ஏறுவேன். மேல போய்த் திறந்தா பேட்டரி காலி. போன மாசம் பாதி எழுதின தடுப்பூசிப் பட்டியல் அப்படியே போயிடுச்சு. ஒரு ஊர்ல ஆட்டுக்கெல்லாம் தடுப்பூசி போட்டாச்சுன்னு நினைச்சுத் தாண்டிட்டேன். போடலை. நோய் வந்து பதினெட்டு ஆடு செத்துடுச்சு."

 

"தூங்கவே இல்லையா? இல்ல, தூங்கிட்டு எழலையா?"

தணிகாசலம் விழித்தார். மூன்று பேரிடம் காட்டியிருந்தார். மூவருமே லினக்ஸை அழித்துவிட்டு வேறு போடச் சொன்னார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

"தெரியலை. அது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது."

"உங்ககிட்ட வர்ற மாடு சொல்லுமா, டாக்டர்?"

தணிகாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உட்காராதீங்க," என்றார் டீச்சர். "எப்பவும் போலப் பையில வெச்சுக்கிட்டு நடங்க."

பையை மாட்டிக்கொண்டு அறையைச் சுற்றி நடந்தார். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவருக்குக் கூச்சமாக இருந்தது. இருபது சுற்று.

"உள்ள கையை விட்டுப் பாருங்க."

கணினி சுட்டது.

"தூங்குது. யாரோ எழுப்பறாங்க. யாருன்னு பாருங்க."

ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்தார். சார்ஜர். ஸ்டெதஸ்கோப். கையுறை. ஒயர் இல்லாத மவுஸ். மவுஸை எடுத்த கை அப்படியே நின்றது. நடக்கிறபோதெல்லாம் இது ஆடியிருக்கிறது.

கணினியை எழுப்ப எதற்கெல்லாம் அனுமதி உண்டு என்ற பட்டியலை எங்கே பார்ப்பது என்று டீச்சர் சொன்னார். மவுஸின் அனுமதியைத் தணிகாசலம் நீக்கினார். மறுபடி இருபது சுற்று. கணினி குளிர்ந்திருந்தது.

"ரொம்ப நன்றி, டீச்சர்." அவர் கிளம்பினார்.

"மலையில எத்தனை நாள்?"

"ஆறு நாள். கரண்ட் கிடையாது."

"இந்தத் தூக்கம் பேட்டரி கரண்ட்ல நிக்கிற தூக்கம். ரெண்டு நாள் தாங்கும்."

"அப்புறம்?"

"திறந்து வெச்சிருக்கறதையெல்லாம் டிஸ்க்ல எழுதிட்டு முழுசா அணையணும். அதுதான் ஹைபர்னேட்."

டீச்சர் சொல்லச் சொல்ல அவரே செய்தார். அணைந்தது. பொத்தானை அமுக்கினார். எழுந்தது. ஆனால் திறந்து வைத்திருந்த பட்டியலைக் காணோம்.

"எழுதலையா?"

"எழுதியிருக்கு. எழுந்ததும் எங்க போய்ப் படிக்கணும்னு அதுக்குச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொன்னார். இம்முறை பட்டியல் விட்ட வரியிலேயே வந்து நின்றது. தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னும் ஒன்பது தடவை," என்றார் டீச்சர்.

ஏழாவது தடவை திரை இருண்டது. அணையாமல் தானாகத் திரும்பி வந்தது.

"பரவாயில்லை, டீச்சர். ஆறு தடவை சரியா வந்துச்சே."

டீச்சர் திரையையே பார்த்தார். எந்தக் கோளாறும் கணினி தானே எழுதி வைக்கும் பதிவேட்டில் இருக்கும் என்று முன்பே காட்டியிருந்தார். தணிகாசலம் அதைத் திறந்தார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போனது. டீச்சர் எழுந்து போகவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. இவ்வளவு நேரம் ஒருவர் வாய் திறக்காமல் பக்கத்தில் இருக்க முடியுமா என்று அவருக்கு வியப்பாக இருந்தது.

நாற்பது நிமிடம் கழித்து நிமிர்ந்தார்.

"இடம் போதலை. இந்தத் தடவை ஆட்டுப் படங்களையெல்லாம் திறந்து வெச்சிருந்தேன். எழுதறதுக்கு ஒதுக்கின இடம் சின்னது."

டீச்சர் முகம் மலர்ந்தது.

தணிகாசலம் இடத்தைப் பெரிதாக்கினார். ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். பத்து முறையும் வந்தது.

இரண்டு வாரம் கழித்து, வெயிலில் முகம் கறுத்து, இளைத்துப்போய், தணிகாசலம் மலையிலிருந்து நேரே அங்கே வந்தார்.

"ஒரு ஊரும் விடுபடலை, டீச்சர். ஒரு ஆடுகூட."

"கணினி?"

"நாலாம் நாள் தூங்க மாட்டேன்னுடுச்சு. பாறையில உட்கார்ந்து பதிவேட்டைப் படிச்சேன். தடுப்பூசிப் பெட்டியோட வெப்பமானியைக் கணினியில செருகி வெச்சிருந்தேன். அதுதான் விடலை. கழட்டினேன், தூங்கிடுச்சு."

டீச்சர் தலையசைத்தார்.

தணிகாசலம் கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணு கேட்கணும். நீங்க செஞ்சிருந்தா அன்னைக்கு எல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். கடைசிவரைக்கும் நீங்க விசைப்பலகையைத் தொடவே இல்லை. ஏன்?"

"மலைக்கு நான் வரலையே, டாக்டர்."