பல்லுக்குத் துண்டு போட்ட மாமன்மார்

சாவடிப்புதூர்க்காரர்களைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள் அவர்கள். உலகத்தில் அப்படிப்பட்ட ஆட்கள் குறைவு. குறைவாக இருப்பதே நல்லதென்று இந்தக் காரியத்துக்குப் பிறகு தோன்றுகிறது.

அந்த ஊர் முத்துப்பேச்சியின் மகள் பூங்காவனத்துக்கு ஆறு வயசு. கடைவாய்ப் பால்பல் ஒன்று சொத்தையாகிப் பாதி உதிர்ந்துவிட்டது. ஒரு கடலையைக்கூடக் கடிக்க முடியாமல் பிள்ளை கஞ்சியிலேயே காலம் தள்ளினாள். முத்துப்பேச்சிக்கு அன்றைக்கு நடவு. அதனால் கூடப் பிறந்த அண்ணன்மார் மூவரோடு பிள்ளையை டவுன் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

"டாக்டரம்மா சொல்றதை மட்டும் செய்யுங்கண்ணே. சுயமா யோசிச்சீங்க, வீட்டுப் படி ஏற விடமாட்டேன்."

மூத்தவன் அய்யாக்கண்ணு, நடுவன் கொம்பையா, இளையவன் சீனிச்சாமி மூவரும் சத்தியம் செய்தார்கள். யோசிக்கக் கூடாது என்றதில் அவர்களுக்கு வருத்தமே இல்லை.

டாக்டரம்மா பிள்ளையின் வாயைப் பார்த்தார். "பிடுங்க வேண்டாம். மேல சின்னதா ஒரு உலோகத் தொப்பி மாட்டிடலாம். பால்பல்தானேன்னு விட்டுடக் கூடாதுங்க. அடியில வரப்போற புதுப் பல்லுக்கு இதுதான் இடம் பிடிச்சு வச்சிருக்கு. இது போச்சுன்னா பக்கத்துப் பல்லு சாஞ்சு அந்த இடத்துக்கு வந்துடும். வெளியே உக்காருங்க, கூப்பிடறேன்."

"புதுப் பல்லு எப்பம்மா வரும்?"

"பதினொரு வயசு வாக்கில."

வெளியே பெஞ்சில் ஆலோசனை கூடியது.

"இடம் பிடிக்கிறதை நமக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமா?" என்றான் அய்யாக்கண்ணு. திருவிழா பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. "பாதி உதிர்ந்த பல்லை எவன்டா மதிப்பான்? துண்டு போட்டாத்தான் மரியாதை."

தோளில் கிடந்த துண்டின் ஓரத்தைக் கிழித்து, சொத்தைப் பல்லின் மேல் விரித்தான். பூங்காவனம் "ஊம், ஊம்" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கொம்பையா குனிந்து பார்த்தான். அவன் முகம் சுண்டிவிட்டது. "அண்ணே, பக்கத்துப் பல்லு முழியே சரியில்லை. துண்டைத் தூக்கி வீசிட்டு உக்கார்ற ரகம்."

"அப்ப வாயாலயும் சொல்லிக்கிட்டே இருடா."

கொம்பையா பிள்ளையின் வாய்க்குள் குனிந்து, "ஆளு வருது... ஆளு வருது..." என்று சொல்லத் தொடங்கினான். எதிர் பெஞ்சில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர், பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வருசக் கணக்கா சொல்லணுமேண்ணே," என்றான் சீனிச்சாமி. "வர்றேன்னு சொல்லிட்டு வராமலே போயிட்டா?"

சீனிச்சாமிக்குப் பெண் பார்த்த இடத்தில் அப்படித்தான் ஆகியிருந்தது. அய்யாக்கண்ணு தம்பியின் முதுகைத் தடவிவிட்டான். கொம்பையா "ஆளு வருது" என்றான், மெதுவாக.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா இடுக்கியால் துணியைப் பிடித்து இழுத்தார். "என்னங்க இது?"

"எடுக்காதீங்கம்மா! இடம் போயிடும்!" அய்யாக்கண்ணு பாய்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் விடவில்லை. நடுவில் இருந்த பூங்காவனத்துக்குத்தான் அழுகை வந்தது.

"துண்டை விடு மாமா. எனக்குக் கடலை கடிக்கணும்."

டாக்டரம்மாவுக்கு விஷயம் பிடிபட்டது. "இதைவிட என் தொப்பி உசத்திங்க. நான் போட்டா லேசுல யாரும் கழட்ட முடியாது."

"கண்டக்டர் வந்து சொன்னாக்கூடவா?"

"கண்டக்டர் சொன்னாக்கூட."

அய்யாக்கண்ணு துண்டை விட்டான். ஊசி போட்டு, சொத்தையைச் சுத்தம் செய்து, தொப்பியை அழுத்தி மாட்டினார். பளபளவென்று இருந்தது. "வாய் மரத்துப் போயிருக்கு. சாயங்காலம் வரைக்கும் சாப்பாடு எதையும் மெல்லக் கொடுக்காதீங்க," என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் அய்யாக்கண்ணு நின்றுவிட்டான். "பிள்ளை கடிக்கிறாளான்னு பேச்சி கேப்பாளேடா. என்னத்தைச் சொல்றது?"

"சாப்பாடுதானே கொடுக்கக் கூடாதுன்னாங்க," என்ற கொம்பையா தன் ஆள்காட்டி விரலை வெகுநேரம் பார்த்தான். "இது சாப்பாடு இல்லையே."

அந்த விரலைப் பிள்ளையின் வாயருகே நீட்டினான்.

"கடி தாயி."

"நெசமாவா மாமா?"

"தயங்காமக் கடி."

கஞ்சி குடித்தே கிடந்த பிள்ளை. இத்தனை நாள் கடிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே கடியாகக் கடித்தாள். வாய் மரத்திருந்ததால் எவ்வளவு கடித்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கொம்பையாவுக்குத் தெரிந்தது. அவன் போட்ட கூச்சலில் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் தங்களுக்குப் பல்வலியே இல்லையென்று எழுந்து போய்விட்டார்கள்.

"கடிக்கிறாடா! கடிக்கிறா!" அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடித்து அழுதார்கள். "எங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு கடி தாயி!"

கொம்பையா விரலைத் தூக்கிப் பிடித்தபடி மறுபடி உள்ளே போனான். நகத்தில் பாதியைக் காணோம். டாக்டரம்மா பதறிப்போய்ப் பஞ்சை எடுத்தார்.

"கட்டெல்லாம் அப்புறம் இருக்கட்டும்மா," என்றான் அவன். "புது நகம் வர்றதுக்குள்ள பக்கத்து விரல் சாஞ்சு வந்து உக்காந்துடப் போவுது. மொதல்ல இதுக்கு ஒரு தொப்பி மாட்டிவிடுங்க."

அவனுக்குப் பின்னால் அய்யாக்கண்ணு விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். சீனிச்சாமி இன்னும் வந்து சேரவில்லை. வெளியே அவனை அப்போதுதான் கடித்துக்கொண்டிருந்தாள்.