துடுப்பில் கேட்ட சத்தம்

கழிமுகத்தில் கெங்கம்மா என்றொரு சாமியாரம்மா இருந்தாள். அவளுடைய சீடன் தேசப்பன் அவளைவிட மூத்தவன். அவன் அவளை அம்மா என்பான், அவள் அவனை அண்ணே என்பாள். இருவருக்கும் அதில் சங்கடமில்லை.

தேசப்பன்தான் குப்பத்துக்குக் காது. துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, பிடியில் காதை வைத்து, கத்தாளை மீன் கூட்டம் முனகுவதைக் கேட்டு இடம் சொல்வான். அவன் சொன்ன இடத்தில்தான் வலை விழும்.

இப்போது முனகல் கேட்கிறது, மீன் வருவதில்லை. செத்த மீன்கள் முனகுகின்றன என்று குப்பத்தில் பேச்சு.

மறுநாள் பஞ்சாயத்து. மிச்சமிருக்கும் அலையாத்திக் காட்டையும் வெட்டி இறால் பண்ணைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். தேசப்பன் தலையாட்டினால் முடிந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் வெறுஞ்சோறு தின்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையாட்டிவிடலாம் என்றே அவனுக்கும் தோன்றியது.

"என் காதுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டான்.

"படகை எடுங்கண்ணே."

பண்ணைகளை ஒட்டி, முன்பு காடு நின்ற இடத்தில் துடுப்பை இறக்கினான். முனகல் பலமாகவே இருந்தது. வலை வீசினான். காலி. மறுபடி கேட்டான், மறுபடி வீசினான். அதுவும் காலி.

அந்நேரம் கரையில் கரண்ட் போனது. இறால் குளங்களில் காற்றடிக்கும் மிஷின்கள் நின்றன. துடுப்பில் முனகலும் நின்றது. இத்தனை நாளும் மிஷினைத்தான் மீன் என்று கேட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகுதான் தேசப்பன் நிஜமாகவே பயந்தான். எந்தத் தண்ணீரிலும் ஏதாவது கேட்கும். நண்டு நகரும், மட்டி வாய் மூடும். இங்கே எதுவுமே இல்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது மட்டும் கேட்டது.

கெங்கம்மா படகைக் காட்டுப் பக்கம் திருப்பச் சொன்னாள். வேர்களுக்கு நடுவே மறுபடி காதை வைத்தான். பொரி வறுப்பது போல மெல்லிய சடசடப்பு.

"குஞ்சுங்க," என்றான். "நகம் அளவுதான் இருக்கும். வாயில போடக்கூட ஆகாதேம்மா."

"உங்க மக வயித்துல இருக்கிற புள்ள, வளர்ந்து சோறு திங்கிற சத்தம் அதுண்ணே."

தேசப்பன் துடுப்பிலிருந்து காதை எடுக்கவில்லை. பண்ணைப் பக்கம் கைகாட்டி, "அங்க ஒண்ணுமே கேக்கலியேம்மா," என்றான்.

"இந்தக் காட்டையும் வெட்டிட்டா, அதுவும் அதே புள்ள சோறு திங்கிற சத்தம்தான்."